எய்தவனை மறைக்கும் மேடை

காமன் கூத்தை மேடையேற்றியதால்தான் அது இன்று உயிரோடு இருக்கிறது என்ற வாதம் மலையகத்தில் கேள்வி கேட்பாரற்ற உண்மையாகிவிட்டது. விழா மலர்களின் வாழ்த்துரைகளில் அதைப் படிக்கிறோம், பரிசளிப்பு உரைகளில் கேட்கிறோம். 2023இல் மலையகம் 200 நினைவுகூரல்கள் நடந்ததிலிருந்து அந்தக் குரல் இன்னும் உரத்திருக்கிறது. தமிழ் மொழித் தினப் போட்டியானாலும் சாகித்திய விழாவானாலும் மலைநாட்டின் பெயரால் முதலில் மேடைக்கு அழைக்கப்படுபவன் காமன்தான். இருபது நிமிடம், சரிகை மின்னும் உடை, ஓர் அம்பு, கொஞ்சம் தீ, நிறையக் கைதட்டல். இந்த மேடைக் காமன்மீது எனக்கு நெடுங்காலமாக ஒரு மறுப்பு உண்டு. ஆட்டம் சுருங்கிவிட்டது என்பதல்ல அந்த மறுப்பு. ஒரு வில்லாளியின் கதையைச் சொல்ல வந்தவர்கள், அந்த வில்லாளி யோசிக்கும் இடத்தை அடியோடு வெட்டி எறிந்துவிட்டார்கள் என்பதே.

மேடையால் வந்த நன்மைகளை யாரும் மறுக்க வேண்டியதில்லை. தப்பு என்றாலே முகஞ்சுளித்த பாடசாலைகள் இன்று மாணவர் தோளில் அதை மாட்டி ஊர்வலம் விடுகின்றன. ஆண்களே கட்டிவந்த ரதி வேடத்தைப் பெண்பிள்ளைகள் கட்டுகிறார்கள். கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் இளையோர் போய்விட்ட தோட்டங்களில், மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமி வரை இரவிரவாக ஆட ஆள் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பது தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்களிடம் இத்தனை இரவுகளைக் கேட்பது நியாயமுமல்ல. ஆகவே சுருக்கம் தேவைதான். எதைச் சுருக்குவது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

மேடை எதை வைத்துக்கொண்டிருக்கிறது? ஹட்டனில் அண்மையில் பார்த்த ஒரு நிகழ்ச்சி மற்றவற்றுக்கும் மாதிரியாக இருந்தது. திரை விலகியதும் மன்மதனும் ரதியும் ஜோடியாக ஆடினார்கள். ஆட்டம் நன்றாகவே இருந்தது. உடனே ஒலிவாங்கியில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது: தேவர்களின் வேண்டுகோளை ஏற்று மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான். அந்த ஒரே வாக்கியத்தோடு காரணகாரியம் முடிந்தது. மன்மதன் மேடையை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, ஒரு முழங்காலை மடக்கி, வில்லை வளைத்து எய்தான். சிவன் கண் திறந்தார். மின்விசிறி ஒன்று செம்மஞ்சள் துணிக் கீற்றுகளைத் தலைக்கு மேலே எழுப்ப, அடியிலிருந்து சிவப்பு விளக்கு அடித்தது. துணி மிக அழகாக எரிந்தது. ரதி தலைவிரித்து ஒரு நிமிடம் அழுதாள். காமம் அழிந்தது, ஞானம் வென்றது என்று அறிவிப்பாளர் முடித்து வைத்தார்.

புறப்பாட்டுக்கு ஒரு வாக்கியம். துணித் தீக்கு அதைப் போலப் பல மடங்கு நேரம். இந்தக் கணக்கில்தான் எல்லாப் பிழையும் இருக்கிறது.

தோட்டத்தில் கூத்து ஆடப்படும் காமன் பொட்டலில் இந்தக் கணக்கு நேர்மாறானது. அங்கே தீ கடைசி இரவுக்கு உரியது. அதற்கு முந்திய நாள்கள் முழுவதும் ஒரு மனிதன் அந்த இரவை நோக்கி மெல்ல மெல்லத் தள்ளப்படுவதைத்தான் ஊர் பார்க்கிறது. காமன் ஊன்றுகிறார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கிறது. ஜோடியை லயம் லயமாக அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் அவர்களுக்கு வரவேற்பு கிடைக்கிறது. பிறகு தூதன் ஓலையோடு வருகிறான். தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டும் கதையின் முடிச்சுகளும் மாறும். ஆனாலும் ஓலை வந்தபின் காலம் மெதுவாகிறது என்பது பொட்டலில் கூத்துப் பார்த்தவர்கள் எவரும் உணர்ந்த ஒன்று. ரதி தடுக்கிறாள். மன்மதன் விளக்கம் சொல்கிறான். மறுபடி தடுக்கிறாள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பார்த்த ஆட்டத்தில் வாத்தியார் ஒரு காரியம் செய்வித்தார். மன்மதன் வில்லை எடுத்து நடக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ரதி வில்லின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இழுக்கவில்லை. பிடித்தபடியே பாடினார்கள். தப்பு அடிப்பவர் அடியை நிறுத்திக் காத்திருந்தார். கூட்டத்தில் ஒரு கிழவி, "போகாதே அப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள். கதையின் முடிவு அந்தக் கிழவிக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னாள், ஏனென்றால் அந்த நேரத்தில் மன்மதன் இன்னும் போகவில்லை. போவதா வேண்டாமா என்பது இன்னும் திறந்த கேள்வியாக இருந்தது.

அந்தத் திறந்த கேள்விதான் கூத்து. மேடை அதை மூடிவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது.

இது என் விருப்பத்திலிருந்து பிறந்த வாசிப்பு என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகப் புராணத்தையே எடுத்துக்கொள்கிறேன். காளிதாசனின் குமாரசம்பவத்தில் மன்மதன் தயங்குவதில்லை. இந்திரன் அழைத்ததும் வருகிறான். வசந்தன் ஒருவன் துணையிருந்தால் சிவனின் மன உறுதியையும் குலைப்பேன் என்று மார்தட்டிவிட்டே கிளம்புகிறான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வருகிறவன் வேறொருவன். சிவன் யோகத்தில் அமர்ந்ததால் உலகில் இன்பமே ஓய்ந்துவிட்டது. சூரபன்மனின் கொடுமையில் தேவர்கள் வதைபடுகிறார்கள். சிவகுமாரன் பிறந்தாலொழிய விடிவில்லை. பிரமன் மன்மதனைக் கூப்பிட்டு, போ என்கிறான். மன்மதன் முடியாது என்கிறான். சிவன்மேல் அம்பு தொடுத்தால் சாவு நிச்சயம் என்று காரணமும் சொல்கிறான். போகாவிட்டால் சபிப்பேன் என்று பிரமன் மிரட்டுகிறான். ஒருபக்கம் பிரமனின் சாபம், மறுபக்கம் சிவனின் கண். இவனால் கெடுவதைவிட அவன் கையால் சாவது மேல் என்று எடைபோட்டு முடிவு செய்தபிறகுதான் கச்சியப்பரின் மன்மதன் வில்லைத் தொடுகிறான்.

நம் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பயன் சொல்லப்பட்டுவந்த புராணம் இது. பொட்டலின் மன்மதன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன்: மறுத்தவன், மிரட்டப்பட்டவன், இரண்டு சாவுகளுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தவன். மேடையோ, தயக்கத்தை வெட்டியதன் மூலம், தன்னை அறியாமலே அவனைக் காளிதாசனின் மார்தட்டும் வீரனாக மாற்றிவிட்டது. காளிதாசன் மகாகவி, அவனுடைய மன்மதனுக்கு அவனுடைய காவியத்தில் இடமுண்டு. மலைநாட்டுப் பொட்டலில் அவனுக்கு என்ன வேலை?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்தப் பழமொழி முழுக் கூத்தாக விரிந்து நிற்பது இங்கேதான். மன்மதன் கையில் வில் இருக்கிறது; ஆனால் எய்தவன் அவனல்ல. எய்தவர்கள் தேவலோகத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். மன்மதனே அவர்கள் விட்ட அம்பு. எரிவது அம்பு. இந்த உண்மை புரிய வேண்டுமானால் ஓலை வர வேண்டும், அது வாசிக்கப்பட வேண்டும், மறுப்பு வர வேண்டும், மிரட்டல் வர வேண்டும். இவற்றை நீக்கிவிட்டு அம்பையும் தீயையும் மட்டும் காட்டினால், தவசியைச் சீண்டிய ஒருவன் தண்டனை பெற்ற கதையாக அது குறுகிவிடுகிறது. அறிவிப்பாளர் சொன்னாரே, காமம் அழிந்தது, ஞானம் வென்றது என்று. அந்த வாக்கியம் வெட்டப்பட்ட கூத்தின் இயல்பான விளைவு. ஆனால் அது கூத்துக்கு விரோதமான வாக்கியம். மன்மதன் அம்பு தொடுக்காவிட்டால் முருகன் ஏது, சூரசங்காரம் ஏது? கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற சனம் அந்த அம்புக்கும் கடன்பட்டிருக்கிறது. உலகத்துக்காக எரிந்தவனைப் போக்கிரியாக்கி எரிக்கிற உரிமையை மேடைக்கு யார் கொடுத்தார்கள்?

தோட்டத்து மக்கள் ஏன் மற்றெல்லாப் புராணங்களையும் விட இந்தக் கதையை இத்தனை இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் அவர்கள் ஆடாமலில்லை. ஆனாலும் காமனுக்குக் கிடைத்த இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. சொல்லப்படும் காரணங்கள் வளச் சடங்கு, நேர்த்திக்கடன், மழை. இருக்கட்டும். நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். மேலிருந்து கட்டளை வரும், மறுத்தால் ஒரு தண்டனை, செய்தால் இன்னொரு தண்டனை என்ற நிலை அவர்களுக்குப் புராணமல்ல. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று இறங்கிவரும் சொல்லுக்குக் கீழே நின்றவர்கள் அவர்கள். சொன்ன நிறை கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; எடுப்பதற்காக மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றால் உடம்பு போகும். 1948இல் குடியுரிமையைப் பறித்த சட்டமும், 1964இல் யார் எங்கே போவது என்று இரண்டு தலைநகரங்கள் பங்குபிரித்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் இவர்களைக் கேட்டுச் செய்யப்பட்டவையல்ல. ஓலை எங்கோ எழுதப்பட்டது; எரிந்தது இங்கே. இந்த அனுபவம் உள்ளவர்கள் மன்மதன் ஓலை வாங்கும் இடத்தில் ஏன் மௌனமாகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்த மௌனத்துக்கு மேடை இடம் வைக்கவில்லை. மக்களின் கலை என்று மேடையில் அறிவித்துவிட்டு, மக்கள் தங்களைக் கண்டுகொண்ட இடத்தை வெட்டி எறிவது எப்படிப்பட்ட மரியாதை?

அம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்மதனின் கணைகள் ஐந்து: தாமரை, மாம்பூ, அசோகு, முல்லை, நீலம். ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தாமரை பட்டவர் நினைக்கத் தொடங்குவார். மாம்பூ பசலையைப் படரவிடும். அசோகு உணர்வை மங்கச் செய்யும். முல்லை பட்டவர் படுக்கையை விட்டு எழமாட்டார். நீலம் உயிரையே வாங்கும். இப்படிப் படிப்படியாக ஏறும் வரிசையைத் தமிழ் மரபு வகுத்து வைத்திருக்கிறது. உலகத்தில் எந்த வில்லாளிக்கும் இவ்வளவு நுணுக்கமான அம்பறாத்தூணி கொடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. இதில் எதை எடுப்பது என்பது நடிகனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு! யோகத்தில் இருப்பவனை நினைக்க வைத்தால் போதுமா, உணர்வை மங்கச் செய்ய வேண்டுமா, கொல்லும் கணையைச் சிவனை நோக்கிப் பிடிக்க ஒருவனுக்குக் கை வருமா? தாமரையைத் தொட்டு விட்டு, முல்லையை எடுத்து வைத்துவிட்டு, நீலத்தைப் பார்க்கவும் அஞ்சும் ஒரு மன்மதனை இருபது நிமிடத்துக்குள் தாராளமாகக் காட்டலாம். பார்ப்பவருக்கு அவன் மனம் முழுவதும் விரல்களில் தெரிந்துவிடும். மேடையில் நடப்பது என்ன? கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூ ஒன்றைக் குச்சி நுனியில் கட்டி அம்பு என்கிறார்கள். அது என்ன பூ என்று எய்கிறவனுக்கும் தெரியாது.

இனி மேடையின் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களுக்கு வருகிறேன். முதலாவது, பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பெயர். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று அந்த வரிசை நீண்டது. ஈழத்துத் தமிழ் அரங்கு தலைநிமிர்ந்தது அதனால்தான். அவர் சுருக்கியபோது கொண்டாடியவர்கள் நாங்கள் சுருக்கினால் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

கேள்வியிலேயே விடை இருக்கிறது. இராவணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். சி. மௌனகுரு எழுதி, அவரே இராவணனாக ஆடிய அந்தக் கூத்தில், சுருக்கத்துக்குப் பிறகு எஞ்சி நின்றது போர் ஆரவாரம் அல்ல. தோல்வி நெருங்குவதை அறிந்தும் களத்துக்குப் போகிற ஒருவனின் மனப் போராட்டம். நெடுங்கூத்தில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இடையில் சிதறிக் கிடந்த உள்ளத்தை ஒன்றுதிரட்டி நடுவில் வைத்தார்கள். திரும்பத் திரும்ப வந்த வரவுகளையும் தருக்களையும் குறைத்தது அதற்காகத்தான். அவர்கள் வெளியே உள்ளதைக் குறைத்து உள்ளே உள்ளதைப் பெருக்கினார்கள். நம் காமன் மேடையோ உள்ளே உள்ளதை வெட்டி வெளியே உள்ளதைப் பெருக்குகிறது. வித்தியானந்தனின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டோம், அவர் எங்கே வெட்டினார் என்று பார்க்கவில்லை. அவர் பெயரைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள், அந்தச் சாட்சி தங்களுக்கு எதிராகவே பேசும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது நியாயம் இளைஞர்களின் பெயரால் வருகிறது. இன்றைய பிள்ளைகள் கைபேசி விளையாட்டில் வளர்கிறவர்கள், அவர்களுக்குப் பொறுமை கிடையாது, அடி விழ வேண்டும், தீ எரிய வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் அந்த விளையாட்டுகளை ஒருநாளும் கிட்ட இருந்து பார்த்ததில்லை.

வில்லாளி வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளில் பழையதும் புகழ்பெற்றதுமான ஒன்றைச் சொல்கிறேன். கொரியாவின் கிரவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட ரக்னரொக் ஒன்லைன். அதில் நீங்கள் வில்லாளியாகச் சேர்ந்தால், படிப்படியாக உயர உயர ஒவ்வொரு படிக்கும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். ஐம்பதாவது படியோடு அந்த நிலை முடியும்; அதற்குள் உங்கள் கையில் சேர்வது 49 புள்ளி. வில்லாளிக்குரிய அடிப்படைத் திறன்கள் ஐந்து. ஒருவன்மேல் இரட்டை அம்பு பாய்ச்சுவது ஒன்று. கூட்டத்தின்மேல் அம்புமாரி பொழிந்து பின்னால் தள்ளுவது இன்னொன்று. கைத்திறனைக் கூட்டும் ஆந்தைக்கண், தூரத்தையும் குறி தவறாமையையும் கூட்டும் கழுகுக்கண், வேகமும் குறியும் சிறிது நேரத்துக்கு ஏறும் மனக்குவிப்பு என்பவை மற்ற மூன்று. ஒவ்வொன்றையும் முழுதாகக் கற்கப் பத்துப் புள்ளி வேண்டும். ஐந்துக்கும் 50. கையில் இருப்பதோ 49. எல்லாவற்றிலும் முழுமை யாருக்கும் கிடையாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். தனித்து வேட்டையாடப் போகிறவன் ஒன்றை விடுவான். கூட்டமாகப் போகிறவன் இன்னொன்றை விடுவான். ஒரு தடவை போட்ட புள்ளியை எளிதில் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அந்த விளையாட்டை ஆடியவர்கள் அம்பு விட்ட நேரத்துக்குக் குறையாமல் எதைத் தேர்வது என்று வாதாடிய நேரமும் செலவழித்தார்கள். எந்த எதிரிக்கு நெருப்பு அம்பு, எதற்கு வெள்ளி அம்பு என்ற கேள்வி அதற்கு மேலே.

லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து கைபேசியைத் தட்டுகிற பையன்களைக் கவனியுங்கள். விளையாட்டின் பெயர் மாறியிருக்கலாம், பழக்கம் மாறவில்லை. எந்த ஆயுதம், எந்தத் திறன், யாருக்கு எது, ஏன் என்பதுதான் அவர்களின் பேச்சு. ஒருவன் தவறாகத் தேர்ந்தால் மற்றவன் காரணத்தோடு திட்டுகிறான். தேர்வில்தான் ஆட்டம் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மிக நன்றாகத் தெரியும். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்பது நம் சோம்பலுக்கு நாம் தேடிக்கொண்ட சாக்கு. ஐந்து கணைகளையும் அவற்றின் தொழிலையும் சொல்லி, இவன் எதை எடுப்பான், எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் நிமிர்ந்து உட்காருகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அந்நியமானது நம்முடைய மின்விசிறித் தீதான். அதைவிட நல்ல தீயை அவர்கள் கையளவு திரையில் தினமும் பார்க்கிறார்கள். அந்தப் போட்டியில் மேடை ஒருநாளும் வெல்லப்போவதில்லை. ஒரு மனிதன் நம் கண்ணெதிரே நின்று தயங்குவதைத்தான் எந்தத் திரையாலும் தர முடியாது. நாம் அதைத்தான் வீசியிருக்கிறோம்.

மூன்றாவது நியாயம் சற்று நாகரிகமானது. பொட்டலில் நடப்பது சடங்கு, மேடையில் நடப்பது கலை, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். சடங்கில் கிடைக்காத சுதந்திரம் கலைக்கு உண்டு என்பது உண்மையே. அப்படியானால் அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு மேடை என்ன செய்தது? புதிய கேள்வி கேட்டதா? ரதியின் பக்கத்திலிருந்து கதையைப் பார்த்ததா? பிரமனையும் இந்திரனையும் மேடைக்கு இழுத்து வந்து பதில் சொல்ல வைத்ததா? ஒன்றுமில்லை. சடங்கு சேர்த்து வைத்திருந்த ஆழத்தை விட்டுவிட்டு, சடங்கின் மேற்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டது. கலையின் பெயரால் சடங்கைவிட எளிமையான ஒன்றைச் செய்வதற்குச் சுதந்திரம் தேவையில்லை.

தீயோடு முடிப்பதும் இந்த மேலோட்டத்தின் தொடர்ச்சிதான். கதையில் காமன் எரிந்ததோடு எல்லாம் முடிவதில்லை. ரதி விடவில்லை. கணவனைத் திரும்பக் கேட்கிறாள். சிவன் மனமிரங்கி மன்மதனை எழுப்புகிறார். மற்றவர்களுக்கு அருவமாகவும் ரதிக்கு மட்டும் உருவத்தோடும் இருப்பான் என்பது ஏற்பாடு. காமனை மீண்டும் எழுப்பும் சடங்கும் தோட்டங்களில் உண்டு. தமிழ்நாட்டில் தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவு முழுவதும் பாட்டிலேயே வழக்காடிய வரலாறு நாம் அறிந்தது. காமன் கதையைப் பேணிய சனங்கள் அதை முடிவுகட்டிய தீர்ப்பாக ஒருபோதும் வைத்திருக்கவில்லை, வழக்காகவே வைத்திருந்தார்கள். மேடை மட்டும்தான் தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. எரிந்தவனை எழுப்பாமல் திரையை இழுப்பது, பொட்டலில் யாரும் நினைத்துப் பார்க்காத கொடுமை. நேரம் போதவில்லை என்பார்கள். மூன்று சுற்று ஓட்டத்துக்கும் துணித் தீக்கும் நேரம் இருந்ததே!

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று சொல்லப்படும். இந்த நிகழ்ச்சிகளைப் பழக்குகிற ஆசிரியர்கள் பலர் சம்பளத்திலிருந்து பணம் போட்டு உடை தைக்கிறார்கள். பிள்ளைகள் பாடசாலை முடிந்தும் நின்று பழகுகிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். அந்த உழைப்புக்குத் தகுந்த பொருளை அவர்கள் கையில் கொடுக்காத நடுவர்கள்மீதும், விழா நடத்துகிறவர்கள்மீதும்தான் என் கோபம். எது பரிசு பெறுகிறதோ அதையே அடுத்த வருடம் பத்துப் பாடசாலைகள் செய்யும். தீக்குப் பரிசு கொடுத்தால் தீதான் பெருகும். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. அந்தச் சனம் தன் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு அவை சாட்சி என்பதால் சேர்த்தார். காமன் கூத்தும் அப்படியொரு சாட்சியம். சாட்சியத்தைத் திருத்தி எழுதுகிறவர்கள் அதைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

வழி இல்லாமலில்லை. இருபது நிமிடத்தை ஏற்றுக்கொள்வோம். அதில் பன்னிரண்டு நிமிடத்தை ஓலை வந்த கணத்துக்கும் அம்பு விடும் கணத்துக்கும் நடுவே வையுங்கள். ஓலையை அறிவிப்பாளர் வாசிக்க வேண்டாம். தூதன் வாசிக்கட்டும், மன்மதன் கேட்கட்டும், முடியாது என்று ஒருதரம் சொல்லட்டும். மிரட்டலை மேடையில் கேட்கச் செய்யுங்கள். ரதிக்கு ஒரு நிமிட ஒப்பாரிக்குப் பதிலாக முழுமையான தர்க்கம் கொடுங்கள். ஐந்து கணையும் கூட்டத்தின் கண்ணில் படட்டும், அவற்றின் தொழிலைப் பாட்டில் சொல்லுங்கள், அவன் தேர்வதை எல்லோரும் பார்க்கட்டும். மின்விசிறியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்; தப்பின் ஒரு அடி எரிவதற்குப் போதும். கடைசி இரண்டு நிமிடத்தில் அவனை எழுப்புங்கள். ஞானம் வென்றது என்ற வாக்கியத்தை எந்த அறிவிப்பாளரும் இனிச் சொல்லாதிருக்கட்டும். நடுவர்களாக உட்காருகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டுப் புள்ளி போடட்டும்: இந்த ஆட்டத்தைப் பார்த்தபின், அம்பை விட்டது யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்ததா? தெரியாவிட்டால், எத்தனை அழகாக எரிந்தாலும், அது காமன் கூத்து அல்ல. அதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது.